மூன்று கூப்பாடு

ஜூன் 9, காலை 7.20. மேலக்குளத்துக் கூடாரம்.

கீழக்குளம் மட்டம் 9.8 மீட்டர். நேற்றைவிட இருபது சென்டிமீட்டர் ஏற்றம். வெயில் நன்றாக இருக்கிறது. பனியாறு நன்றாக உருகுகிறது. கொசு மட்டும் எந்தக் கருவியாலும் அளக்க முடியாத அளவில் இருக்கிறது.

என் பெயர் ஆவுடைத்தங்கம். நீரியல் ஆய்வாளர். இந்தக் குறிப்புக் கருவி என் கழுத்தில் தொங்குகிறது. நான் பேசினாலும் எழுதிக்கொள்ளும், விரலால் தட்டினாலும் எழுதிக்கொள்ளும். ரேடியோவில் வந்து விழுவதையும் அதுவே பதிந்து வைக்கும். இதை யார் படிக்கப்போகிறீர்களோ தெரியாது. பெரும்பாலும் தலைமை அலுவலகத்தில் ஒருவர் கொட்டாவி விட்டுக்கொண்டே படிப்பார். அவருக்காக இடத்தை ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

வடதுருவ வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே, சாலையே இல்லாத மலைகளுக்கு நடுவே, ஒரு கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கு. மூன்று பக்கமும் செங்குத்துப் பாறை. மேற்கே பனியாறு. அது உருகி ஓடிவரும் தண்ணீர், படிக்கட்டு போல மூன்று ஏரிகளில் இறங்குகிறது. அரசாங்க வரைபடத்தில் அவற்றுக்கு எண்தான் உண்டு. நானும் என்னோடு வேலை பார்க்கும் மாசானமுத்துவும் மேலக்குளம், நடுக்குளம், கீழக்குளம் என்று பெயர் வைத்துவிட்டோம். தாமிரபரணிக் கரையில் பிறந்தவர்கள் வேறு என்ன வைப்போம்?

கிழக்கே கீழக்குளத்துக்குக் கரை. யாரும் கட்டிய கரை இல்லை. பழைய காலத்தில் பனியாறு தள்ளிக்கொண்டு வந்து குவித்த மண்ணும் கல்லும். அதன் வயிற்றுக்குள் பனிக்கட்டி இருக்கிறது. இந்தப் பத்து இருபது வருட வெப்பத்தில் அந்தப் பனிக்கட்டி இளகத் தொடங்கிவிட்டது. மட்டம் 12 மீட்டரைத் தொட்டால் தண்ணீர் கரையைத் தாண்டும். தாண்டினால் கரை கரைந்துவிடும். மூன்று குளமும் ஒன்றாக இறங்கும். கீழே ஒரு குறுகலான மலை இடுக்கு, அது முடியும் இடத்தில் எங்கள் கீழ்முகாம்.

அதற்காகத்தான் போன இலையுதிர் காலத்தில் பாறையைக் குடைந்து ஒரு மடை வைத்தோம். அதைத் திறந்து அடைக்கும் இயந்திரத்துக்கு மடைக்காரன் என்று பெயர். தானே மட்டம் பார்க்கும், தானே முடிவெடுக்கும். நான் வந்திருப்பது அதன் மட்டக்கோல் ஒன்றை மாற்ற. நாளை மறுநாள் ஹெலிகாப்டர் வரும். நான் உள்ளே இருக்கும்வரை மடை திறக்காது. அதனால்தான் மட்டம் ஏறுகிறது. மூன்று நாளில் ஒன்றும் குடி முழுகிவிடாது.

ஜூன் 11, மாலை 5.05. மேலக்குளம்.

மட்டம் 10.3. ஹெலிகாப்டர் வரவில்லை. தெற்கே காடு பற்றி எரிகிறதாம். புகை மலை இடுக்குகளை நிரப்பிக்கொண்டு வருகிறது. சூரியன் செம்பருத்திப் பூ மாதிரி நிற்கிறது, கண் கூசாமல் பார்க்கலாம்.

கீழ்முகாமிலிருந்து மாசானம்:

“யக்கா, கேக்குதா? ரோசலி ஹெலிகாப்டர எடுக்க மாட்டேங்கா. முன்னால கை நீட்டுனா கையே தெரியலயாம். ஒங்க பங்குக் கருவாட்ட நான் எடுத்து வச்சிருக்கேன். சீக்கிரம் வரலன்னா கரடி தின்னுட்டுன்னு சொல்லிருவேன், ஆமா.”

கருவாட்டை இந்த ஊருக்குப் பெட்டியில் ஒளித்துக் கொண்டுவந்த ஆள் அவன். கரடி வரும் என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே. வருகிற கரடிக்கும் குழம்பு ஊற்றி அனுப்புவான்.

நான் வடக்குக் கணவாய் வழியாக நடந்தே இறங்குவதாகச் சொல்லிவிட்டேன். இந்தக் கிண்ணத்திலிருந்து நடந்து வெளியேற அந்த ஒரு வழிதான். கணவாயைத் தாண்டிவிட்டால் நான் உள்ளே இல்லை, மடை திறந்துவிடும். நாளை கிளம்புகிறேன்.

ஜூன் 12, பிற்பகல் 2.40. கணவாய் அடிவாரம்.

கணவாய் இல்லை.

சரியாகச் சொல்கிறேன். கணவாய்க்கு ஏறும் சரிவு முழுதாக வழுக்கி இறங்கிவிட்டது. உறைந்து கிடந்த மண் இளகிவிட்டால் மலை கஞ்சியாக வழியும் என்று ஆயிரம் அறிக்கையில் எழுதியிருக்கிறேன். கண்ணால் பார்ப்பது வேறு. தெருவகலப் பாறைகள் சேற்றில் மிதக்கின்றன. ஏறிப் பார்த்தேன். இடுப்புவரை புதைந்தேன். வெளியே வருவதற்குள் இடது முழங்கால் பிசகிவிட்டது. திட்டக்கூட மூச்சு இல்லை.

இன்னொன்று. மடைக்காரனுக்கும் கீழ்முகாமுக்கும் நடுவே ஒரு கம்பி இருந்தது. மடைக்காரனுக்கு வெளியிலிருந்து உத்தரவு போட அந்தக் கம்பி ஒன்றுதான் வழி. ரேடியோ வழியாக உத்தரவு போட முடியாது. எவனாவது விளையாட்டுக்குக் கைவைத்துவிடக் கூடாது என்று அப்படி அமைத்தோம். அந்தக் கம்பி இந்தச் சரிவு வழியாகத்தான் போயிற்று. இப்போது அது சேற்றுக்குள் எங்கோ கிடக்கிறது.

மட்டம் 10.6. தெற்குப் பாறையையும் பார்த்தேன். அதில் ஏற ஆடாகப் பிறந்திருக்க வேண்டும்.

ஜூன் 13, காலை 8.15. மேலக்குளம்.

மட்டம் 10.9.

மடைக்காரன் ஒவ்வொரு மணிக்கும் ரேடியோவில் சொல்கிறது: “உள்ளே ஆள் உண்டு. மடை அடைத்திருக்கிறது.”

அந்த ஆள் நான்தான். விவரம் எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஊர்ப்பக்கம் குளத்தில் மடை திறக்கிறவர் சும்மா திறந்துவிட மாட்டார். கரைமேல் நின்று மூன்று தரம் கூப்பாடு போடுவார். உள்ளே ஆள் உண்டா என்று கேட்பார். பிள்ளைகள் குளித்துக்கொண்டிருக்கும், எருமை கழுவிக்கொண்டிருப்பார்கள், தண்ணீர் வற்றிய பக்கம் வெள்ளரி போட்டிருப்பார்கள். மடை திறந்தால் தண்ணீர் ஆளை உள்ளே இழுத்துவிடும். ஒரு பதில் சத்தம் கேட்டாலும் திறக்க மாட்டார். வயல் காய்ந்து யார் வந்து சத்தம் போட்டாலும் சரி.

மடைக்காரனுக்கு விதி எழுதும்போது மாசானமும் நானும் இதை அப்படியே வைத்தோம். கூப்பாடுகூட மாசானத்தின் குரல்தான். குளத்துக்குள் என்றால் எதுவரை என்று கேள்வி வந்தது. வெளிநாட்டு நிபுணர்கள் மடையைச் சுற்றி ஐம்பது மீட்டர் என்றார்கள். எங்களுக்குச் சிரிப்பு வந்தது. குளம் என்றால் அதன் நீர்பிடிப்பு முழுதும் குளம்தானே! தண்ணீர் சட்டென இறங்கினால் இங்கே எந்தக் கரையும் சரியும், எந்தப் பனிப்பாளமும் உடையும். கிண்ணம் முழுவதும் குளம் என்று எழுதினோம். நானூறு காதுகளைப் புதைத்தோம். உடல் சூடு, காலடி, ரேடியோப் பேச்சு எல்லாம் அவற்றுக்குத் தெரியும். ஆள் இருந்தால் திறக்காதே. விதிவிலக்கு கிடையாது.

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். நாங்கள் ஒரு மலையையே வாரிப் போட்டிருக்கிறோம்.

ஜூன் 13, மாலை 6.30.

மாசானம்:

“அந்தக் கூறுகெட்ட விதிய நாம எழுதியிருக்கவே கூடாதுக்கா. சவத்து எழவு, பொன்னு மாதிரி ஒங்கள உள்ள வச்சுப் பூட்டிட்டு நிக்கி.”

அவனுக்கு நான் சொன்ன பதில்: விதி சரிதான். உள்ளே இருக்கிறது நானாக இல்லாமல் மீன்பிடிக்கிறவர் வீட்டுப் பிள்ளையாக இருந்திருந்தால், திறக்காமல் நின்றதற்கு அந்த இயந்திரத்துக்கு நாம் மாலை போட்டிருப்போம். விதி சரி. நான் இருக்கிற இடம்தான் தப்பு.

சொல்லிவிட்டுக் கூடாரத்துக்குள் வந்து அழுதேன். இதையும் பதிந்துகொள், கருவியே.

ஜூன் 14, காலை 11.00. நடுக்குளத்துக் கரை.

மட்டம் 11.2. இன்று செய்தவை.

மடையின் கைச்சக்கரத்தைத் திருப்பப் போனேன். அது பதினோரு மீட்டர் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. தண்ணீரில் கை வைத்தேன். எலும்பு கடுத்தது. மூச்சடக்கி அங்கே போய்ச் சேருவது நடக்காது.

அடுத்து, காதுகளைப் பிடுங்கினால் நான் இருப்பது தெரியாது என்று நினைத்தேன். கூடாரத்துக்குப் பக்கத்தில் ஒன்றைத் தோண்டி எடுத்துக் கல்லால் நசுக்கினேன். மனதுக்கு இதமாக இருந்தது. அடுத்த மணி அறிவிப்பு:

“ஒரு காது பேசவில்லை. ஐயம் இருந்தால் ஆள் உண்டு என்று கொள்க. உள்ளே ஆள் இருவர். மடை அடைத்திருக்கிறது.”

ஐயம் இருந்தால் ஆள் உண்டு என்று கொள்க. அதையும் எழுதியது யார் என்று கேட்காதீர்கள். வெள்ளம் வருமுன் அணை போடு என்று சொன்னவர்கள், அணைக்குள் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று சொல்லிவைக்கவில்லை.

புகை இன்னும் அடர்த்தி. இருமல். முழங்கால் பூசணிக்காயாக வீங்கிவிட்டது.

ஜூன் 14, மாலை 7.45.

மாசானம். சத்தம் விட்டு விட்டு வந்தது:

“கரையோட அடியில கலங்கத் தண்ணி ஊறுதுக்கா. காலையில சுண்டுவெரல் தண்டிக்கு வந்துது, இப்ப தொடை தண்டிக்கு வருது. நாங்க மேல ஏறலாம்னு பாத்தோம். முன்னால பக்கத்து மலையில இருந்து வார காட்டாறு பெருக்கெடுத்துப் போவுது, பின்னால நட்டுவச்ச மாதிரி பாறை. கயித்தப் போட்டுத் தெம்பு உள்ளவன் நாலு பேரு ஏறிருவான். மீன்புடிக்க வந்த குடும்பம் ரெண்டு, புகைக்குப் பயந்து நம்ம முகாமுலதான் இருக்கு. ஆறு புள்ளைய. ஒண்ணு கைக்கொழந்த. அவியள எங்கன ஏத்த?”

முப்பத்துநான்கு பேர். எல்லாரையும் தெரியும். அந்தக் கைக்குழந்தையைத் தெரியாது, நான் கிளம்பிய பிறகு வந்திருக்கிறது.

கரையில் கலங்கல் தண்ணீர் ஊறினால் அது கரையின் மண்ணைக் கரைத்துக்கொண்டு வருகிறது என்று பொருள். எங்கள் ஊரில் சின்னப் பையனுக்கும் தெரியும். 12 மீட்டர்வரை தாங்கும் என்பது இனி காகிதக் கணக்கு.

ஜூன் 15, காலை 6.10. மேலக்குளம்.

மட்டம் 11.5. தூங்கவில்லை. இங்கே இந்த மாதம் இருட்டுவதும் இல்லை.

யோசித்துப் பார்த்தேன். மடைக்காரனுக்கு நான் உள்ளே இல்லை என்று தெரிய வேண்டும். கிண்ணத்தை விட்டு வெளியேற முடியாது. ஆனால் கிண்ணத்துக்குள்ளேயே மடைக்காரனின் காதுகள் கேட்காத ஓர் இடம் இருக்கிறது. பனியாற்றின் வயிறு.

பனியாற்றுக்கு அடியில் உருகிய நீர் ஓடும் ஒரு குகை உண்டு. மேலக்குளத்துத் தலைமாட்டில் அதன் வாய். குனிந்து உள்ளே போகலாம். உள்ளே முப்பது மீட்டர் பனிக்கட்டிக்குக் கீழே சூடும் தெரியாது, காலடியும் தெரியாது. அங்கே காது புதைக்க வேண்டாம், எந்த மடையன் அதற்குள் போவான் என்று சொன்னது நான்தான்.

ஆறு மணி நேரம் ஆள் சாடை இல்லாவிட்டால் மடைக்காரன் மூன்று கூப்பாடு போடும். பதில் இல்லையென்றால் திறக்கும். நசுக்கின காதுக்குப் பதிலாகப் பையில் உபரியாக இருந்த ஒன்றைப் புதைத்துவிட்டேன், அது பேசுகிறது. மட்டம் 9க்கு இறங்கினால் கரை பிழைக்கும். அதற்கு முப்பது மணி நேரம்போல ஆகும். அதற்குள் நான் வெளியே தலையைக் காட்டினாலோ, ரேடியோவில் ஒரு வார்த்தை பேசினாலோ, ஆள் உண்டு என்று மடை அடைத்துவிடும்.

பகலில் பனியாறு உருகும். குகைக்குள் ஓடும் தண்ணீர் ஏறும். எவ்வளவு ஏறும் என்று யாரும் அளந்ததில்லை. அதற்கும் நான்தான் காரணம், அந்த அளவீட்டுக்குப் பணம் கேட்க மறந்துவிட்டேன்.

ஜூன் 15, காலை 7.00.

மாசானத்திடம் சொன்னேன். கத்தினான்:

“ஒங்களுக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? பனிக்கட்டிக்கு உள்ள போயி ஒருநா பூரா இருப்பியளா? வேண்டாம்க்கா. காத்து மாறும். ரோசலி வந்துருவா. ரெண்டு நா பொறுங்க.”

கரை இரண்டு நாள் பொறுக்குமா என்று கேட்டேன். போய்ப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னான். பிறகு:

“பொறுக்காதுக்கா.”

எட்டு வருடமாக அவனைத் தெரியும். பொய் சொல்லத் தெரியாத பயல். அந்த நேரத்தில் ஒரு பொய் சொல்லியிருக்கலாம் என்றும் இருந்தது.

ஏற்பாடு பேசிக்கொண்டோம். நான் குகைக்குள் போன பிறகு பேச மாட்டேன். ஆண்டெனா கம்பியின் ஒரு நுனியைக் குகை வாசலில் வைத்துவிட்டுப் போகிறேன். அவன் பேசுவது எனக்குக் கேட்கும். மட்டம் 9க்கு வந்ததும் அவன் போதும் என்று சொல்ல வேண்டும். அப்போது நான் வெளியே வருவேன். நான் வந்த கணமே மடைக்காரனுக்குத் தெரியும், மடை அடைக்கும். கீழே ஆற்றில் மடைத் தண்ணீர் சட்டென்று நின்றுவிடும். தண்ணீர் நின்றால் அக்கா வெளியே வந்துவிட்டாள் என்று நீ தெரிந்துகொள், கருவாட்டை வறுக்கத் தொடங்கு என்றேன்.

“தண்ணி நிக்கது வரைக்கும் கரையிலேயே நிப்பேன்க்கா. மொட்ட வெயிலு அடிச்சாலும் சரி, மழ பெஞ்சாலும் சரி.”

எனக்குச் சாகப் பிடிக்கவில்லை. ஒரு வாளி சுடுதண்ணீரில் குளிக்க வேண்டும் என்று உடம்பெல்லாம் ஏங்குகிறது. இது வீரம் ஒன்றும் இல்லை. நான் வெளியே இருந்தால் முப்பத்துநாலு பேர் போவார்கள், கரை போகும்போது நடுக்குளமும் மேலக்குளமும் சரியும், பிறகு நானும்தான் போவேன். கணக்கு தெரிந்தவளுக்கு வேறு வழி இல்லை.

ஜூன் 15, காலை 9.30. பனிக் குகை.

உள்ளே வந்தாயிற்று. இனி விரலால் தட்டுகிறேன்.

வெளிச்சம் நீலமாகக் கசிகிறது. தரையில் ஓடை, கணுக்கால் அளவு. பக்கவாட்டில் ஒரு பாறைத் திண்டு. ஸ்லீப்பிங் பேக், அதன்மேல் உடல் சூடு போகாமல் காக்கும் வெள்ளித்தாள், ஆறு ரொட்டி, ஒரு பிளாஸ்க் தேநீர். பனிக்கட்டி ஓயாமல் முனகுகிறது. வயிற்றுப் பொருமல்காரன் பக்கத்தில் படுத்திருக்கிற மாதிரி. நான் ஒரு விலாசமே இல்லாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

மடைக்காரன் 10 மணி: “உள்ளே ஆள் சாடை இல்லை. காத்திருக்கிறேன்.”

நானும் காத்திருக்கிறேன், தம்பி.

ஜூன் 15, பிற்பகல் 3.40.

முதல் கூப்பாடு. கிண்ணம் முழுக்க ஒலிபெருக்கிகள். பாறையில் மோதி மோதி, குகைக்குள்ளும் வந்தது. மாசானத்தின் குரல், போன வருடம் பதிந்தது:

“மடை தொறக்கப் போறேன்! உள்ள ஆளு உண்டுமா ஏய்ய்!”

அன்றைக்கு அதைப் பதியும்போது இருவரும் சிரித்துச் சிரித்து நாலு தரம் மறுபடி எடுத்தோம்.

3.55. இரண்டாவது. “உள்ள ஆளு உண்டுமா ஏய்ய்!”

உண்டு. உண்டு. இதோ இருக்கேன்டா என்று தொண்டைவரை வந்துவிட்டது. இந்தப் பனிக்கு அடியில் கத்தினாலும் கேட்காது என்று அறிவுக்குத் தெரியும். ஆனாலும் கழுத்துத் துணியை வாயில் திணித்துக்கொண்டேன். கூப்பிட்டால் பதில் சொல்லிப் பழகிய வாய்.

4.10. மூன்றாவது.

4.12. “உள்ளே ஆள் இல்லை. மடை திறந்திருக்கிறது.”

திறந்துவிட்டது! திறந்துவிட்டது!

ஜூன் 15, மாலை 6.20.

மாசானம்: “வந்துட்டுக்கா! தண்ணி வந்துட்டு! முகாமுக்குக் கீழயே ஓடுது, ஒரு சேதாரமும் இல்ல. எல்லாரும் கத்துதாங்க. நீங்க பேசாதீய. பேசாண்டாம். கேட்டுக்கிட்டு மட்டும் இருங்க.”

மட்டம் 11.1. ஓடை முழங்கால் அளவு. திண்டு இன்னும் காய்ந்தே இருக்கிறது. ஒரு ரொட்டி தின்றேன்.

ஜூன் 15, இரவு 9.

ஓடை திண்டைத் தொட்டுவிட்டது. பகலெல்லாம் உருகியது இப்போதுதான் வந்து சேருகிறது. எழுந்து நின்றுகொண்டேன். முழங்கால் தாங்கவில்லை. 10.8.

ஜூன் 16, காலை 4.

வாசல் பக்கம் பெரிய சத்தம். நீல வெளிச்சம் போய்விட்டது. தடவிக்கொண்டு போனேன். கூரை இடிந்து வாசலை அடைத்துவிட்டது. தண்ணீர் போக அடியில் ஒரு சந்து இருக்கிறது. ஆள் போக இல்லை. ஆண்டெனா கம்பி அறுபடவில்லை.

மட்டம் 10.1.

பேசும் பொத்தான் நெஞ்சுக்கு நேரே இருக்கிறது. அழுத்தினால் மாசானத்துக்குக் கேட்கும். மடைக்காரனுக்கும் கேட்கும்.

அழுத்தவில்லை.

காலை 7

மாசானம்: “காத்து மாறிட்டுக்கா! புகை வெலகுது. ரோசலி கணவாய்க்கு வெளிய வந்து எறங்கி நிக்கா. அவ உள்ள வந்தா அவளும் ஆளுதான, மடை அடைச்சிரும். அதான் மட்டம் எறங்கட்டும்னு நிக்கா. அம்புட்டுதான்க்கா, இன்னும் கொஞ்ச நேரம். ஊத்து நல்லா கொறஞ்சிருக்கு. கரை நிக்கும்.”

கரை நிற்கும்.

ரோசலி மலைக்கு அந்தப் பக்கம். பொத்தான் இந்தப் பக்கம். 9.9. இன்னும் ஒரு மீட்டர்கூட இல்லை. தண்ணீர் இடுப்பு. ஐஸ் வெட்டுகிற கோடரியால் அடைப்பைக் கொத்தினேன். ஒரு கை அளவு. கோடரி கையிலிருந்து நழுவிப் போய்விட்டது. விரல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

காலை

மணி தெரியவில்லை. குளிரவில்லை இப்போது. அது நல்லதில்லை என்று தெரியும்

அந்தக் கைக்குழந்தை பெயர் கேட்கவில்லை. மாசானம் கேட்டு வை

9.6 சொல்லியது

பொத்தானை விட்டுக் கையைத் தூரமாக வைத்திருக்கிறேன். தெரியாமல் அழுத்திவிட்டால். கையை இடுப்பு வாரில் செருகிக் கட்டிக்கொண்டேன். மூக்கால் தட்டு கிறேன் சிரிக்காதே

விதி சரிதான்

9.4

நெஞ்சு

மாசானம் உண்டு நான் உள்ளே உண்டு

9.

[இதன்பின் கருவி பதிந்த ஒலிபரப்புகள்]

ஜூன் 16, பிற்பகல் 2.00. மடைக்காரன்: “கீழக்குளம் மட்டம் 9.0. உள்ளே ஆள் இல்லை. மடை திறந்திருக்கிறது.”

2.01. மாசானம்: “போதும்க்கா! வந்துட்டு, ஒம்பது வந்துட்டு! வெளிய வாங்க. பேசுங்க. இனி என்ன வேணும்னாலும் பேசலாம்.”

2.10. மாசானம்: “யக்கா?”

2.40. மாசானம்: “கருவாடு அடுப்புல கெடக்கு. திரும்பப் புகை மூடிட்டு, ரோசலியால ஹெலிகாப்டர எடுக்க முடியல. கரையிலதான் நிக்கேன். தண்ணி இன்னும் வந்துக்கிட்டுதான் இருக்கு. தூங்கிட்டியளா? எந்திரிங்க. ஒரு எட்டு வெளிய வந்து நில்லுங்க, போதும். அது தானா அடைச்சிரும்.”

3.00. மடைக்காரன்: “மட்டம் 8.9. உள்ளே ஆள் இல்லை. மடை திறந்திருக்கிறது.”

3.05. மாசானம்: “யக்கா, எல்லாரும் எங்கூட வந்து ஆத்தப் பாத்துக்கிட்டு நிக்காங்க. தண்ணி நிக்கட்டும்னு நிக்காங்க. இந்தக் கொழந்தைக்கி இன்னும் பேரு வைக்கலயாம். நீங்க வந்தாத்தான் வைப்பமுன்னு அவிய அம்மா சொல்லுதா.”

3.20. மாசானம்: “ஆவுடக்கா. உள்ள ஆளு உண்டுமா?”

3.35. மாசானம்: “உள்ள ஆளு உண்டுமாக்கா?”

3.50. மாசானம்: “போதும்க்கா. தண்ணிய நிப்பாட்டுங்க. உள்ள ஆளு…”

4.00. மடைக்காரன்: “மட்டம் 8.8. மூன்று கூப்பாடு கேட்டது. பதில் இல்லை. உள்ளே ஆள் இல்லை. மடை திறந்திருக்கிறது.”